பாறைமேல் நின்று பாறை பிடிப்பது

விருதுநகர் ஜில்லாவின் படத்தை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அதில் ஒரு சாண் கடற்கரைகூட அகப்படாது. கிழக்கே ராமநாதபுரமும் தெற்கே தூத்துக்குடியும் குறுக்கே நின்று மறைத்துக் கொண்டிருக்கின்றன. வைப்பாறு எப்படியோ வழி கண்டுபிடித்து மன்னார் வளைகுடாவை எட்டிப் பார்க்கிறது. ஆனால் கைக்கு எட்டாத வஸ்துவின் மேல்தானே மனிதனுக்கு ஆசை விழுகிறது? தீபாவளிச் சரக்கெல்லாம் லாரி ஏறிப் பட்டாசு ஊர்களில் சற்று ஓய்வு கிடைத்ததும், சிவகாசி, சாத்தூர் வாலிபர்கள் சிலர் தூண்டிற்கோலைத் தோளில் சாத்திக்கொண்டு தெற்கே ரயில் ஏறிவிடுகிறார்கள். கடற்பாறையில் நின்று, தண்ணீரின்மேல் மிதக்கும் பொய்யிரையை வீசி மீன் பிடிக்க வேண்டுமாம். வீட்டிலுள்ள தாய்மார்களுக்கு இது சற்றும் பிடிக்கவில்லை. இரு கட்சிக்கும் பயன்படும்படி இந்த வாரம் இதைப் பற்றியே எழுத எண்ணினோம்.

சாதாரணத் தூண்டிலில் புழுவையோ இறாலையோ கோத்து, நீருக்குள் அமிழ்த்திவிட்டுக் காத்திருக்கிறோம். இந்த வித்தையில் காத்திருத்தல் இல்லை. மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ செய்த மீன் பொம்மையை வீசி எறிந்து, அது நீர்மட்டத்திலேயே துடித்துக்கொண்டு வரும்படி இழுக்க வேண்டும். பொம்மைகளில் முக்கியமானவை இரண்டு ஜாதி. ஒன்றுக்கு வாய்ப்புறம் கிண்ணம்போல் குழிந்திருக்கும். கோலை வெடுக்கென்று இழுத்தால் தண்ணீரை வாரி இறைத்துக் 'குபுக்' என்று சத்தமிடும். இதற்குப் பாப்பர் என்று பெயர். மற்றொன்று பென்சில்போல் நீண்டது; அதிகம் சத்தமிடாது; கையின் தாளத்துக்குத் தக்கபடி இடமும் வலமுமாக நெளிந்து வரும். சாளைக் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு மேலே வரும் பாறை, கட்டா, ஊளி முதலிய வேட்டை மீன்கள், அடிபட்ட சாளை ஒன்று தத்தளிக்கிறதென்று எண்ணி இதன்மேல் பாய்கின்றன. பாறை மீனைப் பாறைமேல் நின்று பிடிப்பதில் ஒரு சிலேடையும் இருப்பதால், தமிழர்களுக்கு இதில் மோகம் பிறந்தது ஆச்சரியமில்லை.

இது முழுக்க மேல்நாட்டார் வித்தை என்று யாராவது சொன்னால் நாம் பாதிதான் ஒப்புக்கொள்வோம். அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்து ஜேம்ஸ் ஹெட்டன் என்பவர், செதுக்கிக்கொண்டிருந்த மரத்துண்டைத் தண்ணீரில் எறிந்தபோது ஒரு மீன் அதன்மேல் பாய்ந்ததாம். அதிலிருந்து அவருக்கு மரத் தவளை செய்யத் தோன்றிற்று என்று ஒரு கதை வழங்குகிறது. மதராஸ் சிவில் சர்வீஸிலிருந்த எச். எஸ். தாமஸ் துரை 1887-லேயே இந்தியக் குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றித் தனிப் புஸ்தகம் எழுதினார். வாஸ்தவம். ஆனால் விராலுக்கு உயிர்த் தவளையைக் கோத்து, அல்லி இலைகளின்மேல் தத்தவிடும் தந்திரத்தை நம் கண்மாய்க் கரைக் கிழவர்கள் எந்தப் புஸ்தகத்தையும் பார்த்துக் கற்கவில்லை.

ஆகவே, கடலுக்குப் போகுமுன் கண்மாய்க்குப் போங்கள் என்பதே நமது யோசனை. வெம்பக்கோட்டை, கோல்வார்பட்டி போன்ற அணைகளும், நல்ல மழைக்குப் பிறகு நிறைந்த கண்மாய்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. கண்மாய்களில் மீன்பாசி குத்தகை உண்டு. குத்தகைதாரரிடமும், அணையானால் மீன்வளத் துறையாரிடமும் கேட்டுக்கொண்டு இறங்குவதுதான் மரியாதை. விரால் காற்றைக் குடிக்க நீர்மட்டத்துக்கு வரும் மீன். அது வந்து போன வட்டத்துக்குச் சற்று அப்பால் ரப்பர் தவளையை வீசி, கொடிகளின்மேல் மெள்ள இழுத்து வரலாம். முட்கள் தவளையின் முதுகோடு ஒட்டியிருப்பதால் கொடியில் சிக்காது. திடீரென்று தண்ணீர் வெடிக்கும். அப்போது கை பதறிக் கோலைத் தூக்கினால் தவளை மட்டும் திரும்பி வந்து முகத்தில் அறையும். நரம்பில் மீனின் பாரம் தெரியும்வரை பொறுத்து, பிறகு இழுக்க வேண்டும். கடலிலும் இதே விதிதான். இந்தப் பொறுமையைக் கண்மாய்க்கரையில் கற்பது சௌக்கியம்.

ஒன்று சொல்ல வேண்டும். செந்நிறக் குஞ்சுகள் பந்துபோல் திரண்டு நீர்மேல் மிதப்பதைக் கண்டால் அங்கே தவளையை வீசாதீர்கள். கீழே பெற்ற விரால் காவல் நிற்கிறது. அது அப்போது பாய்வது பசியினால் அல்ல. அதைப் பிடித்துவிட்டால் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கு இரையாகும்.

கடலுக்கு வேண்டிய சாமான்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். ஒன்பது, பத்து அடிக் கோல், உப்புநீர் தாங்கும் ரீல், பின்னல் நரம்பு, அதன் நுனியில் இரண்டு பாகம் நீளத்துக்குத் தடித்த தங்கூசி. பாறையின் விளிம்பும் ஊளியின் பல்லும் மெல்லிய நரம்பைக் கத்திபோல் அறுத்துவிடும். விடியற்காலையும் அந்தி நேரமும் உத்தமம்.

இனி, தாய்மார்களின் கவலைக்கு வருவோம். அந்தக் கவலை முற்றிலும் நியாயமானது. தென்கோடிக் கடலில் 'கள்ளக்கடல்' என்று ஒன்று உண்டு. பல்லாயிரம் மைலுக்கு அப்பால், தென் இந்து மகா சமுத்திரத்தில் அடித்த புயலின் அலை, நாள் கணக்கில் பிரயாணம் செய்து நம் கரைக்கு வருகிறது. இங்கே காற்று இராது. வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். கடல் மட்டும் திருடனைப்போல் ஓசையின்றி ஏறும். 2024 மே 6-ந் தேதி கன்னியாகுமரி ஜில்லா கணபதிபுரத்துக் கடற்கரையில், மருத்துவப் பயிற்சியிலிருந்த ஐந்து இளைஞர்கள் அலையில் போனார்கள். அவர்கள் நின்றது மணற்கரையில். பாறையில் நிற்பவனுக்கு ஓடவும் இடமில்லை. ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் நிலையத்தார் கள்ளக்கடலுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை வெளியிடுகிறார்கள். அதைப் பார்க்காமல் ரயில் சீட்டு வாங்குவது மடமை.

பாறைக்குப் போனதும் முதல் அரைமணி நேரம் கோலைப் பையிலிருந்து எடுக்கவே கூடாது. உயரத்தில் உட்கார்ந்து அலையைப் பாருங்கள். சிறிய அலைகள் பல வந்தபின் பெரிய அலைகள் மூன்று நான்கு சேர்ந்து வரும். அவை எதுவரை ஏறுகின்றன என்பதுதான் கணக்கு. பாசி படிந்து கறுத்து நனைந்திருக்கும் இடமெல்லாம் கடலுக்குச் சொந்தம். காய்ந்து வெளுத்திருக்கும் இடத்துக்கும் பின்னால் நில்லுங்கள். மிதவைச் சட்டை, வழுக்காத செருப்பு, கூட ஒரு துணை, கடலுக்கு முதுகு காட்டாமை: இவற்றில் ஒன்று குறைந்தாலும் திரும்பிவிடலாம்.

பட்டாசு ஊர்க்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. மருந்து அறைக்குள் பருத்தி உடையோடு நுழைவதும், பொறி பறக்காத கருவியையே கையிலெடுப்பதும், நேற்று ஒன்றும் நேரவில்லையே என்று இன்று துணியாமலிருப்பதும் அவர்கள் அறிந்த ஒழுங்குகள். ஒழுங்கு தவறினால் என்னவாகும் என்பதை 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டி பார்த்தது. அதே கண்ணோடு கடலையும் பார்த்தால் போதும்.

இடம்? தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் தேசியப் பூங்கா. அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டாம். நாகர்கோவிலில் இறங்கி முட்டம் போகலாம். அங்கே இயற்கைப் பாறைகள் உண்டு. கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டி நீட்டியிருக்கும் சுவர்களுக்குக் குமரிக் கடற்கரையில் 'தூண்டில் வளைவு' என்றே பெயர். ஆனால் பெயரை நம்பித் தூண்டிலோடு ஏறிவிடாமல், அவ்வூர் மீனவரை 'அண்ணாச்சி, இன்று கடல் எப்படி?' என்று கேளுங்கள். அவர் வேண்டாமென்றால் வேண்டாம். ஆனி முதல் ஆவணி வரை கேட்கவே வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தக் கடல் கொந்தளித்துக் கிடக்கும். தை, மாசி நல்ல காலம்.

மீன் மாட்டிவிட்டால் அதை எடுக்கக் கீழே இறங்கும் ஆசைதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. நீண்ட காம்புள்ள வலையால் எட்டி எடுங்கள். எட்டாவிட்டால் நரம்பை அறுத்துவிடுங்கள். அறுத்தால் போவது ஒரு பொம்மை. ஜப்பான் பொம்மைக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தவனுக்கு அறுக்க மனம் வராது. ஆகையால் கல்யாண முருங்கை போன்ற இலேசான மரத்தில் நாலைந்து பொம்மைகளை வீட்டிலேயே செதுக்கி, வர்ணம் பூசி, தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டுப் பார்த்து எடுத்துச் செல்லுங்கள். வால்பக்கம் சற்றுக் கனமாக இருந்தால் தூரம் போகும்.