பழைய வண்டியும் பத்துப் பேரும்

மார்கழி பிறந்துவிட்டால் நமக்கு வாசல் கோலம். வீட்டு ஆண்களுக்குக் கம்பளி. பெரும்பாலான வீடுகளில் இதுதான் நடைமுறை. ஆனால் ஒரு சில வீடுகளில் மட்டும் ஓர் அதிசயத்தைக் காணலாம். வாரம் முழுவதும் காப்பியைக் கையில் கொடுத்தாலும் கண்ணைத் திறக்காத மனிதர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐந்து மணிக்கே எழுந்து, பழந்துணியும் கையுமாகக் கொல்லைப்புறத்தில் நிற்பார். எதற்கு? அப்பா காலத்து மோட்டார் சைக்கிளைத் துடைப்பதற்கு! மாமியார் முணுமுணுப்பார், குழந்தைகள் கை கொட்டுவார்கள், வீட்டு அம்மாளுக்கோ வயிற்றில் புளியைக் கரைக்கும். "பத்துப் பேராகச் சேர்ந்து ஏலகிரி போகிறோம்" என்று முதல் நாள் இரவே அவர் சொல்லியிருப்பார் அல்லவா?

சகோதரிகளே! போகட்டுமா, வேண்டாமா என்ற அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போகட்டும். ஆனால் எப்படிப்பட்ட கோஷ்டியோடு போகிறார் என்று தெரிந்து கொண்டு அனுப்புங்கள். முடிந்தால் நீங்களும் ஒரு முறை போய் வாருங்கள்.

நம் குடியாத்தத்தில் இந்தச் சவாரிக்கு என்று ஒரு பருவம் உண்டு. வைகாசி முதல் தேதி கங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக் கூடுகிற கூட்டத்தில் நின்றவர்களுக்கு நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலில் மனிதன் படுகிற பாட்டைக் காற்றினால் மட்டுமே குளிர வேண்டிய பழைய இஞ்சினும் படும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலை வழுக்கும். ஆகையால் மழை ஓய்ந்து, வெயில் ஏறுவதற்கு முன், மார்கழியிலிருந்து மாசி வரைதான் நல்ல காலம். அந்த நாட்களில் சென்னையிலிருந்து வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியாகவும், எதிர்த் திசையில் பெங்களூரிலிருந்தும் கோஷ்டி கோஷ்டியாகப் புறப்பட்டு ஏலகிரிக்கு வருகிறார்கள். நமக்கோ அது நூறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிற தூரம். மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் ஏறி முடிப்பதற்குள் ஒரு தமிழ்ப் பாடம் முடிந்துவிடும்!

"புது வண்டி வாங்க வசதியிருக்கும்போது இந்தக் கிழட்டு வண்டி எதற்கு?" என்று கேட்கத் தோன்றும். கொஞ்சம் அதன் ஜாதகத்தைப் பார்ப்போம்.

புல்லட்டை எடுத்துக் கொள்ளுங்கள். இங்கிலாந்தில் ரெடிச் என்று ஓர் ஊர். தையல் ஊசிக்குப் பெயர் போன ஊர். ஊசி செய்த கம்பெனி ஒன்றின் வழியில் வந்ததுதான் ராயல் என்ஃபீல்டு. 'புல்லட்' என்ற பெயர் 1932-ல் அங்கே பிறந்தது. 1955-ல் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியார் அவர்களோடு கூட்டுச் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வை ஆரம்பித்தார்கள். திருவொற்றியூர் தொழிற்சாலை உண்டாயிற்று. பிறந்த வீடான ரெடிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. புகுந்த வீடான தமிழ்நாட்டிலோ புல்லட் இன்றைக்கும் தயாராகிறது. நெசவுக்குப் பேர் போன நம் ஊரில் ஊசிக்காரர் வீட்டுப் பெண் நன்றாக ஒட்டிக் கொண்டதில் ஆச்சரியம் என்ன?

ஜாவாவின் கதையில் சற்றுச் சோகம் உண்டு. செக்கோஸ்லோவாகியாவில் பிறந்த அந்த வண்டியை 1961 முதல் மைசூரில் 'ஐடியல் ஜாவா' கம்பெனியார் தயாரித்தார்கள். பிறகு அது 'யெஸ்டி' என்று பெயர் மாறியது. 1996-ல் தொழிற்சாலையின் கதவு சாத்தப்பட்டது. 2018-ல் ஜாவாவும் 2022-ல் யெஸ்டியும் வேறொரு கம்பெனியின் கீழ் மறுபடி கடைக்கு வந்தாலும், மைசூர் வண்டிகளை வைத்திருப்பவர்கள் அவற்றை விடுவதாக இல்லை. ஜூலை மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையை ஜாவா தினம் என்று கொண்டாடி, பல ஊர்களில் ஒன்று கூடுகிறார்கள். அந்த வண்டியில் ஒரு சிக்கனம் நமக்குப் பிடிக்கும்: உதைத்துக் கிளப்புகிற லீவரே, மடக்கினால் கியர் லீவர் ஆகிவிடும். ஒரே பாத்திரத்தில் வடித்துத் தாளிக்கிற கெட்டிக்காரத்தனம்!

நிற்க. சவாரியின் ஆனந்தம் எங்கே இருக்கிறது என்றால், வண்டியைவிடக் கூட்டத்தில்தான் இருக்கிறது. புது வண்டிக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் சில சமயம் அது பந்தயமாகிவிடும். பழைய வண்டிக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் அது மாப்பிள்ளை ஊர்வலம். ஒன்று இருமும்; ஒன்று நொண்டும்; ஒன்று தேநீர்க் கடை வாசலில் நின்று அடம் பிடிக்கும். ஒருவர் வண்டி நின்றால் ஒன்பது பேரும் நிற்கிறார்கள். ஒருவர் பிளக்கைக் கழற்றித் துடைக்கிறார். ஒருவர் கிளட்ச் கேபிள் எடுத்துக் கொடுக்கிறார். ஒருவர், ஒன்றும் தெரியாதவர், யோசனை சொல்கிறார். பாங்கியில் அதிகாரியாக இருப்பவரும் தோல் ஷாப்பில் வேலை பார்ப்பவரும் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து கையில் கிரீஸோடு சிரிப்பது வேறு எங்கே நடக்கிறது? வீட்டில் ஒரு நாற்காலியை நகர்த்தச் சொன்னால் இடுப்பைப் பிடித்துக் கொள்கிறவர், அங்கே அடுத்தவர் வண்டியைத் தள்ளுகிறார்!

இதிலிருந்துதான் நல்ல கோஷ்டிக்கு இலக்கணம் கிடைக்கிறது: எல்லோரிலும் மெதுவான வண்டி எதுவோ, அதன் வேகமே கூட்டத்தின் வேகம். வழி தெரிந்தவர் முன்னால் போவார்; வேலை தெரிந்தவர் கடைசியில் வருவார்; வேகம் குறைந்த வண்டிகள் முன்னவருக்கு அடுத்தாற்போல் போகும். ஜோடி ஜோடியாகப் பேசிக் கொண்டு போகாமல், ஒருவர் வலப்புறம், அடுத்தவர் சற்றுப் பின்னால் இடப்புறம் என்று மாற்றி மாற்றிப் போவார்கள். ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் வருகிறவரைக் கண்ணாடியில் பார்த்துக் கொள்வார்கள். திருப்பம் வந்தால் பின்னவர் வரும் வரை நிற்பார்கள். புறப்படும்போதெல்லாம் தலையை எண்ணுவார்கள். கல்யாணத்துக்கு வேன் ஏறும்போது நாம் குழந்தைகளை எண்ணுகிறோமே, அது போல.

ஆகவே உங்கள் வீட்டுக்காரர் கிளம்பும்போது, "எப்போது வருவீர்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். வேறு சில கேள்விகளும் கேளுங்கள்.

முதலாவது, "கடைசியில் வருகிறவர் யார்?" பதில் உடனே வந்தால் நல்ல கோஷ்டி. அவர் விழித்தால், அங்கே எல்லோரும் முன்னால் போக ஆசைப்படுகிறவர்கள் என்று அர்த்தம்.

இரண்டாவது, "இருட்டுவதற்குள் திரும்பி விடுவீர்களா?" பழைய ஜாவாவின் விளக்கு 6 வோல்ட் மின்சாரத்தில் எரிவது, அகல் விளக்கைக் கையில் பிடித்துக் கொண்டு போவது போலத்தான். மார்கழி விடியலில் பாலாற்றங்கரைப் பக்கம் பனி மூட்டமும் இருக்கும். சூரியன் வந்த பிறகு புறப்பட்டு, சூரியன் போவதற்கு முன் வீடு சேர்வதே உத்தமம். சைனகுண்டா வழியாகப் பலமநேர்ப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. எல்லைக்கு அப்பால் கௌண்டின்யா சரணாலயம். அங்குள்ள யானைகளுக்கு மாநில எல்லை தெரியாது. பேரணாம்பட்டு, குடியாத்தம் காட்டோரத்து விவசாயிகளைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

மூன்றாவது, "பிரேக் பார்த்தாயிற்றா?" பழைய வண்டிகளில் இருப்பது டிரம் பிரேக். இறக்கத்தில் விடாமல் அழுத்திக் கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்புக் குறைந்துவிடும். சிறிய கியரில், முன் வண்டிக்கு நிறைய இடைவெளி விட்டு இறங்க வேண்டும். ஜாவா போன்ற வண்டிகளில் இன்னொரு நுட்பமும் உண்டு. இஞ்சினுக்கு வேண்டிய எண்ணெய் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. முறுக்கை முழுவதும் மூடிக் கொண்டு நெடுந்தூரம் இறங்கினால் பெட்ரோலும் குறையும், எண்ணெயும் குறையும். ஆகையால் அவ்வப்போது லேசாக முறுக்கிக் கொடுக்க வேண்டும். இறக்கத்தில் வண்டி 'டுர்ர்' என்று உறுமினால், அவர் வேகம் காட்டுகிறார் என்று கோபித்துக் கொள்ளாதீர்கள். இஞ்சினுக்கு எண்ணெய் வைக்கிறார்!

பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது பங்குகளில் பெரும்பாலும் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. நாளடைவில் ஊறி வெடிக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக் கணக்கில் வண்டி சும்மா நிற்குமானால் டாங்கியைக் காலி செய்து வைப்பது நல்லது. சவாரிப் பருவத்துக்கு முன் குழாயை மாற்றச் சொல்லுங்கள். சொற்பச் செலவு, பெரிய நிம்மதி. 15 வருஷம் கடந்த வண்டிக்குப் பதிவுச் சான்றை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்பதையும் ஞாபகப்படுத்துங்கள்.

நான்காவது, "காலில் என்ன?" ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று நம்மைச் சுற்றிலும் தோல் தொழில். இங்கே தைத்த பூட்ஸும் செருப்பும் கடல் கடந்து போய் அயல் நாட்டார் பாதத்தைக் காக்கின்றன. நம் வீட்டுக்காரர் காலில் ரப்பர் செருப்பு! சாலையில் சறுக்கி விழுந்தால் துணி நொடியில் கிழியும். கெட்டித் தோல் கொஞ்ச நேரம் தாங்கும். அந்தக் கொஞ்ச நேரம்தான் சதையைக் காப்பாற்றுகிறது. கணுக்காலை மூடுகிற பூட்ஸ், கையுறை, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட் - இவை இல்லாமல் வாசற்படி தாண்டக் கூடாது என்று சட்டம் போடுங்கள். நம் வீட்டில் நாம் போடுகிற சட்டத்துக்கு மறுப்பு ஏது?

இனி, பின்னால் உட்கார்ந்து போகப் பிரியப்படுகிறவர்களுக்கு. ஹெல்மெட் உங்களுக்கும் உண்டு. பூவும் கொண்டையும் ஒரு நாள் பொறுத்துக் கொள்ளட்டும். சேலை சக்கரத்தில் சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு இருக்க வேண்டும் என்று 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. கைப்பிடியும் கால் மிதியும் இருக்க வேண்டும். பழைய வண்டியை அழகு படுத்துகிறேன் என்று சில பிள்ளைகள் முதலில் கழற்றி எறிவது அந்த மறைப்பைத்தான். "அது வந்து ஏறினால்தான் நானும் ஏறுவேன்" என்று சொல்லிவிடுங்கள். தூரப் பிரயாணத்துக்குச் சல்வாரே சௌகரியம். துப்பட்டாவை மட்டும் இறுக்கி முடிந்து கொள்ளுங்கள். பின்னால் உட்காருவானேன், நானே ஓட்டுகிறேன் என்கிறவர்களுக்கும் இடம் இருக்கிறது. 2011-ல் புனாவில் ஆரம்பித்த 'பைக்கர்னி' என்ற பெண்கள் சங்கத்துக்குப் பல ஊர்களில் அங்கத்தினர்கள் உண்டு.

வழிச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஆம்பூர்க்காரர்கள் கோபித்துக் கொள்வார்கள். பிரியாணியும் கத்தரிக்காயும் திரும்புகிற வழியில் காத்திருக்கும். சாப்பிடட்டும். ஆனால் சாப்பிட்ட கையோடு வண்டி ஏறினால் மதியத் தூக்கம் கண்ணை அழுத்தும். அரை மணி மரத்தடியில் சாய்ந்துவிட்டுக் கிளம்ப வேண்டும். போகும்போது இட்லி கட்டிக் கொடுங்கள். பத்துப் பேருக்கும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தீர்களானால், வழியில் வண்டி நிற்கிற போது உங்கள் வீட்டுக்காரருக்குத்தான் முதல் உதவி கிடைக்கும்!

வாரம் முழுவதும் கணக்கும் கடனும் மேலதிகாரியும் என்று நொந்து போகிற மனிதர், ஞாயிறு மாலை முகமெல்லாம் புழுதியும் உதட்டில் சிரிப்புமாக வந்து நிற்பாரானால், அந்தக் கிழட்டு வண்டி வீட்டுக்கு நல்லதுதான் செய்திருக்கிறது. பழைய இரும்புக் கடைக்காரர் மறுபடி வந்து அதற்கு விலை கேட்டால், "ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமைதான் வண்டி வீட்டில் இருக்காதே!