பத்தரை மாற்றுத் தங்கமா?

வீடியோ விளையாட்டு தயாரிப்பவர்களுக்கு என்று தனிப் பேச்சு உண்டு.

பிழையை அவர்கள் "பக்" என்பார்கள். பக் என்றால் பூச்சி! அரைகுறையாக ஓடத் தொடங்கிய விளையாட்டு "ஆல்பா". எல்லாம் சேர்ந்து, பூச்சி பிடிக்கும் வேலை மட்டும் பாக்கி என்றால் "பீட்டா".

வேலை முடிந்துவிட்டால்? "தங்கம் ஆகிவிட்டது" என்பார்கள்.

விளையாட்டை டிஸ்கில் பதிந்து விற்ற காலத்தில் வந்த பெயர் அது. முடிந்த விளையாட்டைத் தங்க நிற டிஸ்க் ஒன்றில் பதிந்து தொழிற்சாலைக்கு அனுப்புவார்கள். அதிலிருந்து லட்சக்கணக்கில் நகல் எடுப்பார்கள். மூலத்தில் பூச்சி இருந்தால் வாங்கிய வீடுகளில் எல்லாம் பூச்சி! வீடு வீடாகப் போய்த் திருத்த முடியுமா? ஆகவே, பயந்துகொண்டுதான் "தங்கம்" என்றார்கள்.

இன்டர்நெட் வந்தது; பயம் போயிற்று. விற்ற பிறகும் திருத்தம் அனுப்பலாம். அதற்குப் பெயர் "பேட்ச்". அதாவது, ஒட்டு. கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப் போடுவது சரிதான். கடைக்காரரே கிழிந்த வேட்டியை விற்று, "ஒட்டு பிறகு வரும்" என்றால்?

போலந்து நாட்டில் அதுதான் நடந்தது. வார்சா நகரில் உள்ள சி.டி. புராஜெக்ட் கம்பெனி, "சைபர்பங்க் 2077" என்ற விளையாட்டு தங்கம் ஆகிவிட்டதாக 2020 அக்டோபர் 5-ந் தேதி அறிவித்தது. அதே மாதம் 27-ந் தேதி, விற்பனையை 21 நாள் தள்ளி வைத்தது! நகை செய்யும் ஆசாரிகூட உரைத்துப் பார்த்துத்தான் மாற்றுச் சொல்வார். இவர்கள் சொன்ன பிறகு உரைத்தார்கள்.

உழைத்தவர்கள் பாடுதான் பரிதாபம். தேதி நெருங்கும்போது ஓய்வின்றி வேலை வாங்குவதற்கு "கிரஞ்ச்" என்று பெயர். முறுக்கைக் கடித்தால் கேட்கும் ஓசை அது. இங்கே நொறுங்குவது மனிதர்! "கட்டாயக் கிரஞ்ச் கிடையாது" என்று 2019-ல் வாக்குக் கொடுத்த அதே கம்பெனி, 2020 செப்டம்பரில் வாரத்துக்கு 6 நாள் வேலை என்று உத்தரவு போட்டது. கூடுதல் நாளுக்குச் சம்பளம் உண்டு. வீட்டில் காத்திருந்த குழந்தைக்கு என்ன உண்டு?

டிசம்பர் 10-ந் தேதி விளையாட்டு வெளிவந்தது. பிளேஸ்டேஷன் 4 கருவியில் படம் குழம்பிற்று. ஆட்டம் நடுவில் நின்றது. 18-ந் தேதி சோனி கம்பெனி அதைத் தன் இணையக் கடையிலிருந்து எடுத்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அது மறுபடி கடைக்கு வர 2021 ஜூன் ஆயிற்று.

2023 செப்டம்பரில் வந்த பெரிய ஒட்டுக்குப் பிறகு அந்த விளையாட்டைப் பலரும் பாராட்டினார்கள். "தங்கம்" என்று சொல்லி அப்போது ஏறக்குறைய மூன்று வருஷம் ஆகியிருந்தது.