மலைச் சோலையும் நம் சங்கமும்

நெகமத்தில் தறி நெய்பவருக்கும் பொள்ளாச்சியில் தென்னை வளர்ப்பவருக்கும் வால்பாறைச் சோலையைப் பற்றி என்ன கவலை என்று அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். கவலை உண்டு. நீராறும் சோலையாறும் ஓடும் அம்மலையின் நீரே பரம்பிக்குளம்–ஆழியாறுத் திட்டத்தின் வழியே கோவை, திருப்பூர் மாவட்டங்களின் பாசன நிலங்களை எட்டுகிறது.

வால்பாறை மேட்டுநிலம் ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் அங்கிருந்த மழைக்காடு அழிக்கப்பட்டுத் தேயிலையும் காப்பியும் பயிராயின. எஞ்சியவை, தோட்டங்களின் இடையே தீவுகள்போல் நிற்கும் சோலைத் துண்டுகளும், அங்குள்ளோர் ‘வயல்’ என்று வழங்கும் சதுப்புகளுமே. இவற்றுள் பல தனியார் உடைமை. உடையவர் மனம் வைத்தாலன்றி இவை பிழைக்கமாட்டா.

2000-ஆம் ஆண்டளவில் நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்னும் அமைப்பினர், திவ்யா முத்தப்பாவும் டி. ஆர். சங்கர் ராமனும் முன்நிற்க, தோட்டக் கம்பெனிகளின் இசைவோடு அவற்றின் நிலத்திலேயே மீட்புப் பணியைத் தொடங்கினர். சாலையோரத்தில் விழுந்து வீணாகும் விதைகளைப் பொறுக்கி நாற்றங்காலில் இடுகின்றனர். உண்ணிச் செடியை வெட்டி அகற்றும்போது, தானாக முளைத்த நாட்டுக் கன்றுகளைக் காத்து, இடைவெளிகளில் வெடிப்பலா, நாங்கு, கருங்குங்கிலியம் முதலியவற்றை மழைக்காலத்தில் நடுகின்றனர். மரங்கள் வளர்ந்து பழுத்தால் இருவாட்சி வந்து தின்று விதை தூவும். அதற்குக் கூலி கேட்பார் யாருமில்லை!

சும்மா விட்டாலே காடு வளராதா என்பார் உளர். 2019-இல் வெளியான ஆய்வொன்று இதற்கு விடை கூறுகிறது. 7 முதல் 15 ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, சும்மா விட்ட இடங்களைவிட நட்டுப் பேணிய இடங்களில் நிழலும் மர வகைகளும் மிகுந்திருந்தன. பெருங்காட்டுக்குத் தொலைவில் ஒதுங்கிய துண்டுகளிலேயே இவ்வேறுபாடு அதிகம். சிறு உடைமையாளரின் துண்டும் பெரும்பாலும் அத்தகையதே.

சதுப்பைப் பொறுத்தவரை வேலை குறைவு. நீரை வடிக்க வெட்டிய வாய்க்காலை அடைத்து, யூகலிப்டஸ் நடாமல், களைக்கொல்லி தெளிக்காமல் விட்டால் போதும். கோரை தானே திரும்பும்.

தடை இரண்டு. நடுவதைவிட முதல் சில ஆண்டுகள் களை எடுப்பதே பெருஞ்செலவு. கம்பெனி தாங்கும், ஐந்து ஏக்கர்க்காரர் தாங்கார். மற்றொன்று அச்சம். 1949-ஆம் ஆண்டுத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் நிலத்தில் அனுமதியின்றி மரம் வெட்டலாகாது. அச்சட்டம் தேவையானதே. ஆயினும், புதர் மண்டிய மூலையைச் சோலையாக்கியவர் தம் பட்டா நிலம் முழுதும் காடெனக் கருதப்படுமோ என்று அஞ்சினால், அவரைப் பழிப்பது முறையன்று. எது காடு, எது தோட்டம் என்று நடுவதற்கு முன்னரே மாவட்ட ஆட்சியர் எழுத்தில் தர வேண்டும்.

அவ்வெழுத்தைத் தனி ஒருவர் கேட்டுப் பெறுவது கடினம், சங்கம் கேட்கலாம். வரும் மகாசபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுகிறேன். மலையடிவார அங்கத்தினருக்கென ஒரு பொது நாற்றங்காலும், நட்ட நிலத்தில் மூன்றாண்டுக் களைக்கூலியில் பாதியும் நம் பொது நிதியிலிருந்து தருவதென அதிலேயே சேர்க்கலாம்.