தராசைப் பார்க்காமல் சரக்கைக் குறை சொல்லலாமா?

மொத்தக் கடையிலிருந்து வந்த சீனி மூடை நிறை குறைவாகத் தெரிந்தால் நமது வர்த்தகர்கள் முதலில் என்ன செய்வார்கள்? தமது தராசு சரியா என்று படிக்கல்லை வைத்துப் பார்ப்பார்கள். அதன் பிறகுதான் மொத்த வியாபாரிக்குத் தொலைபேசி எடுப்பார்கள். இந்தப் பக்குவம் நம்மிடம் பரம்பரையாக இருக்கிறது.

ஆனால் அதே வர்த்தகரின் வீட்டில் பிரீசர் பழுதானால் கதை வேறு. திருத்த வந்த பாஸ் பெட்டியின் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டு “கொம்பிரசர் போய்விட்டது” என்றதும் பணத்தை எண்ணிக் கொடுத்து விடுகிறோம். எதை அளந்தீர்கள் என்று கேட்பதில்லை.

இது வீட்டு விவகாரம்தானே, வர்த்தகப் பக்கத்தில் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். இன்று நம்மில் பலருக்கு வீட்டு பிரீசர் ஒரு சிறு களஞ்சியம். கடையில் இடம் போதாத கோழியும் இறைச்சியும் அங்கேதான் இருக்கின்றன. பெண்கள் வீட்டிலிருந்து செய்து கொடுக்கும் ரோல்ஸும் சமூசாவும் அங்கேதான் இருக்கின்றன. அந்தப் பெட்டி ஒரு நாள் பொய் சொன்னால் நட்டம் முதலுக்கே வருகிறது.

எனது வீட்டிலேயே இது நடந்தது. பிரீசரின் முகப்பில் மைனஸ் 18 பாகை என்று இலக்கம் தெளிவாக எரிந்து கொண்டிருந்தது. உள்ளே இருந்த ரோல்ஸ் பக்கட்டுகளோ விரலால் அழுத்தினால் அமுங்கின. முதலில் வந்தவர் ஐந்து நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னார்: “நானா, கொம்பிரசர் முடிஞ்சி. காஸும் இல்ல.” அவர் கேட்ட தொகையைக் கேட்டு, புதிதாகவே ஒன்று வாங்கி விடலாமா என்று யோசித்தேன். அடுத்த நாள் தெரிந்தவர் ஒருவர் மூலம் ஓர் இளைஞர் வந்தார். அரை மணித்தியாலம் பெட்டியின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்து விட்டுக் கேட்டார்: “கொம்பிரசர் ஓடவே இல்லையே நானா. ஓடாத ஒன்ற ஏலாம போச்சி எண்டு எப்பிடிச் சொல்ற?”

பிறகு அவர் மின்சாரத்தைத் துண்டித்து, சென்சரைக் கழற்றி, ஐஸ் தண்ணீரில் போட்டு மீட்டரால் அளந்தார். சுமார் 30 கிலோ ஓம் காட்ட வேண்டிய இடத்தில் 80 ஐத் தாண்டிக் காட்டியது. வயர் பொருத்தும் இடத்தில் ஈரம் இறங்கிப் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. புதிய சென்சரும் கூலியும் சேர்ந்து, முதலாமவர் கேட்ட தொகையில் இருபதில் ஒரு பங்கு கூட வரவில்லை.

இந்தச் சென்சர் என்பது என்ன? வயர் நுனியில் இருக்கும் ஒரு சிறு மணி. குளிர் கூடக் கூட அதன் மின்தடை ஏறும், சூடானால் இறங்கும். அந்தத் தடையைப் படித்துத்தான் கட்டுப்பாட்டு போட் கொம்பிரசரை ஓட விடுவதும் நிறுத்துவதும். சுருக்கமாகச் சொன்னால் இதுதான் பிரீசரின் தராசு. களிம்பு பிடித்துத் தடை கூடினால், உள்ளே நன்றாகக் குளிர்ந்து விட்டது என்று நம்பி போட் கொம்பிரசரை நிறுத்தி விடும். எனது வீட்டில் நடந்தது அதுவே. மாறாக ஈரம் உள்ளே புகுந்து தடை குறைந்தால், இன்னும் சூடு என்று நம்பி இரவு பகலாக ஓட்டும். அந்த நட்டம் மின்கட்டணத்தில் தெரியும்.

எனவே பாஸை அழைப்பதற்கு முன் நாமே காதால் கேட்கலாம். கொம்பிரசர் பெரும்பாலும் ஓய்ந்தே இருந்து, முகப்பில் நல்ல குளிர் காட்டி, சாமான் இளகினால் சென்சரில் சந்தேகம் கொள்ளுங்கள். ஓயாமல் ஓடி, சாமானும் அளவுக்கு மீறி உறைந்தால் அப்போதும் சென்சரையே முதலில் பாருங்கள். ஓயாமல் ஓடியும் சாமான் இளகினால்தான் காஸ் கசிவு, கொம்பிரசர் பலவீனம், கதவு இறப்பர், மின்விசிறி என்று தேட வேண்டும். ஐஸ் கட்டாத வகைப் பெட்டிகளில் பனியை உருக்குவதற்கென இன்னொரு சென்சரும் உண்டு. அது கெட்டால் உள்ளே பனி அடைத்து, குளிர் காற்று வராமல் போகும். பழைய மாதிரிப் பெட்டிகளில் சென்சருக்குப் பதில் குமிழ் வைத்த தெர்மோஸ்டாட் இருக்கும். அதற்கு இந்த மீட்டர் கணக்குப் பொருந்தாது.

சோதனையும் கடினமானதல்ல. நொறுக்கிய ஐஸில் சிறிது தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் அது பூச்சிய பாகையில் நிற்கும். பிளக்கைக் கழற்றிய பின், சென்சரை அதில் பத்து நிமிடம் வைத்து அளக்க வேண்டும். 25 பாகையில் 10 கிலோ ஓம் காட்டும் வகை, ஐஸ் தண்ணீரில் ஏறக்குறைய 27 முதல் 33 வரை காட்டும். 5 கிலோ ஓம் வகையும் இருக்கிறது. வகை மாறிப் போட்டால் புதிய சென்சரும் பொய்தான் சொல்லும். ஆகவே மொடல் இலக்கத்தைக் கொண்டு போய்ப் பொருத்தமானதைக் கேட்டு வாங்குங்கள்.

காஸ் விடயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பிரீசர் காஸ் பெற்றோல் போல் எரிந்து தீர்வதல்ல. அது மூடிய குழாய்க்குள் சுற்றுவது. குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். கசிவைத் தேடாமல் நிரப்புவது ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம். இப்போது வரும் பல வீட்டுப் பெட்டிகளில் ஆர் 600ஏ எனும் தீப்பற்றக் கூடிய காஸ் இருக்கிறது. அதுவும் சில பத்துக் கிராம்தான், நிறுத்தே நிரப்ப வேண்டும். சந்தேகத்தின் பேரில் குழாயை வெட்டி விளையாடுவது பணத்துக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் ஆபத்து.

2022 இல் பட்டதை நாம் மறந்து விடவில்லை. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 200 ரூபாவளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 வரை ஏறியது. அதன் பின் சற்று இறங்கினாலும் பழைய விலைக்குத் திரும்பவில்லை. கொம்பிரசர் இறக்குமதிப் பொருள். பிழையான ஒரு தீர்ப்பின் விலை அன்றை விட இன்று அதிகம்.

இதை விடப் பெரிய விடயம் ஒன்றுண்டு. பெட்டி திருந்திய பின், இளகிப் போன சாமானை என்ன செய்வது? மீண்டும் உறைய வைத்தால் பார்வைக்குப் பழையபடி கல்லாகி விடும். வாங்குபவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் உறைநிலை கிருமியைக் கொல்வதில்லை, வளர விடாமல் நிறுத்தி மட்டும் வைக்கிறது. இளகிய நேரத்தில் பெருகியது பெருகியதுதான். எத்தனை நாளாக அந்த நிலையில் இருந்தது என்று எனக்குத் தெரியாததால், வீட்டில் எல்லாவற்றையும் குழி வெட்டிப் புதைத்தோம். மனம் வலித்தது உண்மை. ஆனாலும் ஒரு பிள்ளைக்கு வயிற்றில் வருத்தம் வந்து கடையின் பெயர் கெட்டால், அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

நான் வேண்டுவது இவ்வளவுதான். பெட்டியின் முகப்பு இலக்கத்தை மட்டும் நம்பாமல், தனியாக ஒரு தெர்மோமீட்டரைப் பக்கட்டுகளுக்கு நடுவே வையுங்கள். மைனஸ் 18 அளவில் நிற்கிறதா என்று காலையில் ஒரு தடவை பாருங்கள். திருத்துபவர்கள் அளந்த இலக்கத்தை பில்லில் எழுதிக் கொடுக்கட்டும். பிரீசர் விற்கும் நமது கடைக்காரர்கள் அந்தந்த மொடலுக்குரிய சென்சரையும் வைத்திருக்கட்டும். அளக்கத் தெரிந்த இளைஞர்களுக்கு, அளந்ததற்கான கூலியை முகம் சுளிக்காமல் கொடுப்போம்.

நிறுத்து வாங்கி நிறுத்து விற்பவர்கள் நாம். திருத்த வேலையை மட்டும் ஏன் கண்மதிப்பில் வாங்க வேண்டும்?