எண்ணெய் விற்கும் நாட்டில் பெட்ரோல் விலை ஏன் இறங்கவில்லை?

குஜராத்தில் ஜாம்நகர் என்று ஓர் ஊர் இருக்கிறது. கடலோர ஊர். உலகத்திலேயே மிகப் பெரிய எண்ணெய் ஆலை அங்கேதான் உள்ளது. பூமிக்கு அடியிலிருந்து எடுத்த கறுப்பு எண்ணெயைக் கப்பல்கள் அங்கே கொண்டுவந்து இறக்குகின்றன. இதற்குக் கச்சா எண்ணெய் என்று பெயர். ஆலையில் அதைக் காய்ச்சி, பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் என்று தனித்தனியாகப் பிரிக்கிறார்கள். பிரித்த சரக்கில் பெரும் பகுதி மறுபடியும் கப்பல் ஏறுகிறது. வெளிநாட்டுக்குப் போகிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். 2022-23ம் ஆண்டில் இந்தியா தன் சொந்த மண்ணிலும் கடலிலும் எடுத்த கச்சா எண்ணெய் 3 கோடி டன் கூட இல்லை. வெளிநாடுகளிலிருந்து வாங்கியது சுமார் 23 கோடி டன். அதே ஆண்டில் வெளிநாடுகளுக்கு விற்ற பெட்ரோல், டீசல் முதலிய சரக்கு சுமார் 6 கோடி டன்!

சொந்தமாக எடுத்ததைப் போல் இரண்டு மடங்கு விற்றிருக்கிறோம். இது எப்படி?

இதில் மாயம் ஒன்றும் இல்லை. வெளியூர்ப் பருத்தியை வாங்கி, பனியன் தைத்து, வெளிநாட்டுக்கு விற்கவில்லையா திருப்பூர்? அதைப் போலத்தான். கச்சா எண்ணெயை வாங்குகிறோம். காய்ச்சிப் பிரிக்கிறோம். நமக்குத் தேவையானது போக மீதியை விற்கிறோம். கூலியும் லாபமும் கிடைக்கின்றன. நாட்டுக்கு டாலர் வருகிறது.

நல்ல காரியம்தானே? நல்ல காரியம்தான். ஆனால் 2022 ஜூன் மாதத்தில், இந்த விற்பனையே வினையாக வந்து நின்றது.

பங்க்கில் "சரக்கு இல்லை"

அந்த ஆண்டு பிப்ரவரி 24ந் தேதி, ரஷியா உக்ரைன் மீது படையெடுத்தது. உலகம் முழுவதும் எண்ணெய் விலை ஏறியது. இந்தியா வாங்கும் கச்சா எண்ணெயின் விலை, ஜூன் மாதம் சராசரியாகப் பீப்பாய்க்கு 116 டாலர் ஆனது. ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர்.

உள்ளூரில் நடந்தது வேறு. 2021 நவம்பர் 4ந் தேதி முதல் பெட்ரோல், டீசல் விலையைக் கம்பெனிகள் மாற்றவே இல்லை. 137 நாள் அப்படியே நின்றது. நடுவில் உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட 5 மாநிலங்களில் தேர்தல் நடந்தது. மார்ச் 10ந் தேதி முடிவு வந்தது. 22ந் தேதி விலை ஏறத் தொடங்கியது. 16 நாளில் 14 தடவை ஏற்றினார்கள். லிட்டருக்கு 10 ரூபாய் கூடிற்று. பிறகு மறுபடியும் நிறுத்திவிட்டார்கள்.

பெட்ரோலுக்கு 2010ல், டீசலுக்கு 2014ல் விலைக் கட்டுப்பாட்டைச் சர்க்கார் எடுத்துவிட்டது. விலையைக் கம்பெனிகளே முடிவு செய்யலாம். 2017 ஜூன் 16 முதல் தினமும் விலை மாறும் என்றும் சொன்னார்கள். ஏட்டில் அப்படி. நடப்பு இப்படி!

விலையை நிறுத்தியதால் ஜனங்களுக்குக் கொஞ்சம் நிம்மதி. ஆனால் ஆலைக்காரர் கணக்கு வேறாயிற்று. டீசலை உள்ளூர் பங்க்கில் விற்றால் நஷ்டம். கப்பலில் ஏற்றினால் கொள்ளை லாபம். சரக்கு எந்தப் பக்கம் போகும்?

தனியார் பங்க்குகள் பலவற்றில் விற்பனை சுருங்கியது. சில இடங்களில் மூடியே விட்டார்கள். அங்கே போனவர்கள் எல்லாம் சர்க்கார் கம்பெனி பங்க்குகளுக்கு ஓடினார்கள். ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் முதலிய மாநிலங்களில் நீண்ட வரிசை. சில பங்க்குகளில் "சரக்கு இல்லை" அட்டை. ஜூன் 17ந் தேதி மத்திய சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. உரிமம் பெற்ற எல்லா பங்க்குகளும், குக்கிராமத்தில் இருந்தாலும், வேலை நேரத்தில் திறந்திருக்க வேண்டும், சரக்கு வைத்திருக்க வேண்டும் என்றது அந்த உத்தரவு.

உத்தரவு போட்டால் லாபக் கணக்கு மாறிவிடுமா? அதனால் ஜூலை 1ந் தேதி வரி வந்தது. வெளிநாட்டுக்கு அனுப்பும் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 6 ரூபாய். டீசலுக்கு 13 ரூபாய். அத்துடன், இந்திய மண்ணில் எடுக்கும் கச்சா எண்ணெய்க்கு டன்னுக்கு 23,250 ரூபாய்.

கத்தரிக்காய்க் கணக்கு

நம் மண்ணில் எடுத்த எண்ணெய்க்கு ஏன் வரி? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

இந்தியாவில் எண்ணெய் எடுப்பது புதிதல்ல. அசாமில் டிக்பாய் என்ற இடத்தில் 1889ல் எண்ணெய் கிடைத்தது. 1974ல் பம்பாய்க்கு அப்பால் நடுக்கடலில் பெரிய ஊற்று அகப்பட்டது. 1980களின் நடுவில், நாட்டின் தேவையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு சொந்த எண்ணெயாகவே இருந்தது. பிறகு ஸ்கூட்டர் பெருகியது. லாரி பெருகியது. கிணறுகளோ கிழடு தட்டின. 2011-12ல் 3 கோடியே 80 லட்சம் டன் எடுத்தோம். அதற்குப் பிறகு இறக்கம்தான்.

"சொந்த எண்ணெய் கொஞ்சமாவது இருக்கிறதே, அதையாவது மலிவாகத் தரக் கூடாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் தோட்டத்தில் கத்தரிக்காய் பறிக்கிறவர், பக்கத்துத் தெருவில் விற்றாலும் கோயம்பேட்டு விலையைத்தானே கேட்கிறார்? எண்ணெய்க்கும் அதே கதை. கிணற்றில் எண்ணெய் எடுக்கும் செலவு, போர் வந்ததால் கூடிவிடவில்லை. கிடைத்த விலை மட்டும் உலகச் சந்தையோடு சேர்ந்து ஏறியது. அந்தத் திடீர் லாபத்தில் சர்க்கார் பங்கு கேட்டது. அதுதான் வரி.

காவிரிப் படுகையில் நரிமணத்திலும் எண்ணெய் எடுக்கிறார்கள். அந்த எண்ணெய்க்கும் இதே கணக்குத்தான். எண்ணெய்க் கிணறு பக்கத்தில் இருப்பதால், நாகப்பட்டினத்து விசைப்படகுக்கு டீசல் மலிவாகக் கிடைத்துவிடாது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. மணலி ஆலையில் காய்ச்சிய டீசல், சென்னையிலேயே விற்பனையாகிறது. அதன் ஆலை விலையைப் போடும்போது, அது ஏதோ வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்ததைப் போலக் கணக்குப் போடும் முறை 2006ல் வந்தது. 100ல் 80 பங்கு இறக்குமதி விலை, 20 பங்கு ஏற்றுமதி விலை. வராத கப்பலுக்கு வாடகை! இது போதாது என்று, அதன் தலையில் வரி.

வரி போன வழி

ஜூலை 1ந் தேதி போட்ட ஏற்றுமதி வரியால் பங்க் விலை இறங்கியதா? இல்லை. சென்னையில் 2022 மே 22ந் தேதி பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய் 63 காசு. 2024 மார்ச் வரை ஏறத்தாழ அந்த விலையே நீடித்தது. வரியால் வேறு ஒரு நன்மை உண்டு. சரக்கு நாட்டுக்குள் நின்றது. அந்த நேரத்தில் அது பெரிய உதவிதான். டீசல் இல்லாவிட்டால் லாரி நிற்கும், காய்கறி அழுகும். ஆனால் வரிப் பணம் கஜானாவுக்குப் போயிற்றே தவிர, பங்க்கில் நிற்கிறவர் கைக்கு வரவில்லை.

சர்க்கார் தரப்பிலும் ஒரு பதில் இருக்கிறது. மே 22ந் தேதி பெட்ரோல் மீதுள்ள கலால் வரியில் 8 ரூபாயும், டீசலில் 6 ரூபாயும் குறைத்தார்கள். இதனால் ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் கோடி ரூபாய் வருமானம் போகும் என்று நிதி மந்திரி சொன்னார். உண்மைதான். ஆனால் அந்த வரி எப்போது ஏறியது என்பதையும் பார்க்க வேண்டும்.

2020 ஏப்ரல். கொரோனாவால் ஊரடங்கு. உலகத்தில் எண்ணெய் வாங்க ஆள் இல்லை. இந்தியா வாங்கும் கச்சா எண்ணெய் பீப்பாய் 20 டாலருக்கு வந்துவிட்டது. பங்க் விலை சரிய வேண்டிய நேரம். மே மாதம் 6ந் தேதி, பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் மத்திய வரி கூடியது. இறங்க வேண்டிய விலை இறங்கவில்லை. 2014ல் பெட்ரோல் மீது லிட்டருக்கு 9 ரூபாய் 48 காசாக இருந்த வரி, 32 ரூபாய் 98 காசு ஆனது. 2021ல் வசூலித்த 32 ரூபாய் 90 காசில், மாநிலங்களுக்குப் பங்கு பிரிக்கும் பகுதி 1 ரூபாய் 40 காசுதான். மற்றதெல்லாம் பங்கு கொடுக்கத் தேவையில்லாத வரிகள். மாநிலங்கள் தங்கள் வரியைத் தனியாகப் போட்டுக்கொண்டன. தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தது.

கம்பெனிகளின் கணக்கும் இதே ரகம். 2022 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, 3 சர்க்கார் கம்பெனிகளுக்கும் சேர்த்து 21,000 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம். அப்போது விலையை ஏற்றாமல் தாங்கினார்கள். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பிறகு கச்சா எண்ணெய் இறங்கியது. ரஷியா தள்ளுபடி விலையில் கொடுத்தது. பங்க் விலையை இறக்காமல், 2023-24ல் அதே 3 கம்பெனிகளும் சம்பாதித்த லாபம் சுமார் 81,000 கோடி ரூபாய். அந்த ஆண்டு முடியப் போகும் நேரத்தில், 2024 மார்ச் மாதம், நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்னால், லிட்டருக்கு 2 ரூபாய் குறைத்தார்கள்.

ஏற்றுமதி வரி என்ன ஆயிற்று? பெட்ரோலுக்குப் போட்டதை 3 வாரம் முடிவதற்குள் எடுத்துவிட்டார்கள். மற்றவை ஏறி இறங்கி, 2024 டிசம்பர் 2ந் தேதி முழுவதுமாக ஒழிந்தன.

அடுப்படி

டீசல் விற்கும் இந்த நாடு, சமையல் வாயுவில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்துதான் வாங்குகிறது. கச்சா எண்ணெயைக் காய்ச்சும்போது கிடைக்கும் வாயு கொஞ்சமே. விறகு அடுப்பை விட்டு வாயு அடுப்புக்கு வந்த குடும்பங்களோ கோடிக்கணக்கு. 2023 மார்ச்சில் சென்னையில் ஒரு சிலிண்டர் 1,118 ரூபாய் 50 காசு. அந்த ஆகஸ்டில் 200 ரூபாய் குறைந்தது. அடுத்த மார்ச்சில் இன்னும் 100 ரூபாய் குறைந்தது.

2025 ஏப்ரல் தொடக்கத்தில் உலகச் சந்தையில் எண்ணெய் விலை மளமளவென்று சரிந்தது. 4 ஆண்டுகளில் காணாத சரிவு. 7ந் தேதி டில்லியிலிருந்து இரண்டு அறிவிப்புகள் வந்தன. பெட்ரோல், டீசல் மீது மத்திய வரி லிட்டருக்கு 2 ரூபாய் உயர்வு, பங்க் விலையில் மாற்றம் இல்லை என்பது ஒன்று. சமையல் வாயு சிலிண்டருக்கு 50 ரூபாய் உயர்வு என்பது மற்றொன்று.