"அப்பப்ப பாத்துக்கங்க" - இது என்ன வைத்தியம்?

நம்ம ஊர் டாக்டருங்க அதிகமா எழுதித் தர்ற மருந்து எதுன்னு கேட்டா பாராசிட்டமால்னு சொல்லுவீங்க. கிடையாது. "அப்பப்ப பாத்துக்கங்க" தான் அது. செலவு இல்லை, பொறுப்பும் இல்லை. தலைவலிக்குச் சொன்னா பரவாயில்லை, போகட்டும். மார்பக பயாப்ஸி ரிசல்ட்டைக் கையில வச்சுக்கிட்டு சொல்றாங்க பாருங்க, அதுக்குத்தான் இந்தப் பதிவு.

எங்க சித்தி சிதம்பரத்துல இருக்காங்க. வயசு 46. கடலூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில முதல்ல ஊசி போட்டு எடுத்துப் பாத்தாங்க, அப்புறம் அந்த இடத்தையே வெட்டி எடுத்தும் டெஸ்டுக்கு அனுப்பினாங்க. வந்த ரிப்போர்ட்: "ஏடிபிகல் டக்டல் ஹைப்பர்பிளேசியா". பால் குழாயோட உள்பக்கத்து செல்கள் அளவுக்கு மீறிப் பெருகி, உருவமும் கொஞ்சம் மாறியிருக்குன்னு அர்த்தம். புற்றுநோய் இல்லை. டாக்டர் சித்தப்பாவை மட்டும் உள்ள கூப்பிட்டு, "கேன்சர் இல்லை, அப்பப்ப பாத்துக்கங்க"ன்னாரு. சித்தி வெளிய பெஞ்சுல. வெளிய வந்த சித்தப்பா சொன்னது, "ஒண்ணுமில்லையாம்".

உடம்பு யாரோடது சாமி?

ஒண்ணுமில்லையாங்கிறதையும் பாத்துடுவோம். இந்த மாற்றம் இருக்கிறவங்களுக்கு மார்பகப் புற்றுநோய் வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிட சுமார் 4 மடங்குன்னு 1985லேயே டூபான்ட், பேஜ்னு ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதிட்டாங்க. மேயோ கிளினிக்காரங்க 2015ல சொன்ன கணக்கு: 25 வருஷத்துல 100 பேர்ல கிட்டத்தட்ட 30 பேருக்கு வருது. மீதி 70 பேருக்கு அந்தக் காலத்துல வரலை, அதையும் சேர்த்தே சொல்லணும். பயமுறுத்துறது என் வேலை இல்லை. ஆனா 100க்கு 30ங்கிறது "ஒண்ணுமில்லை" ஆகாது.

தடுக்க மாத்திரை இருக்கு. டமாக்சிஃபன். கருத்தடை மருந்தா ஆகும்னு நினைச்சு 1962ல இங்கிலாந்துல செஞ்சது, அதுக்கு உதவாம போய் கேன்சருக்கு உதவிச்சு. 1998ல வெளியான அமெரிக்க ஆய்வுல ஆபத்து அதிகமுள்ள 13,388 பெண்கள் கலந்துக்கிட்டாங்க. தினம் 20 மில்லிகிராம், 5 வருஷம். பரவக்கூடிய மார்பகப் புற்றுநோய் ஏறக்குறைய பாதியாக் குறைஞ்சுது. சித்தி மாதிரி ரிப்போர்ட் உள்ளவங்களுக்கு மட்டும் தனியாப் பாத்தா 86 சதவீதம். நம்மூர்ல ஒரு மாத்திரை ஒரு டீயைவிட மலிவு. இப்படி ஒண்ணு இருக்குன்னு அந்த டாக்டர் வாயே திறக்கலை.

மாத்திரை மந்திரமும் இல்லை. உடம்பு திடீர்னு கொதிக்கும், ரத்தம் உறையலாம், கர்ப்பப்பை புற்றுநோய் வாய்ப்பு கூடும் (இது முக்கியமா 50 தாண்டினவங்களுக்கு). மாதவிடாய் நின்னவங்களுக்கு வேற மாத்திரைகளும் உண்டு. சாவைக் குறைச்சதா இந்தத் தடுப்பு ஆய்வுகள் எதுவும் நிரூபிக்கலை. 1998 ஆய்வுல இருந்தவங்கள்ல 96 சதவீதத்துக்கு மேல வெள்ளைக்காரப் பெண்கள், அதையும் மறக்கக் கூடாது. 2019ல வந்த இத்தாலி ஆய்வுல வெறும் 5 மில்லிகிராம், 3 வருஷம் குடுத்தே பாதியாக் குறைச்சிருக்காங்க. இவ்வளவையும் முன்னாடி வச்சா ஒருத்தி "வேணாம்"னும் சொல்லலாம், நியாயம்தான். முன்னாடி வைக்கவே மாட்டேங்கிறதுதான் அநியாயம்.

"அவங்களுக்கெல்லாம் சொன்னாப் புரியாதுங்க, பயந்துடுவாங்க"ன்னு ஒரு பதில் ரெடியா வச்சிருக்காங்க. எங்க சித்தி 20 பேர் சீட்டு நடத்துறவங்க. தள்ளு எவ்வளவு, கழிவு எவ்வளவுன்னு மனசுலேயே போட்டுச் சொல்லுவாங்க. 2015ல வந்த இன்னொரு ஆய்வுக் கணக்கை நான் சொன்னேன்: 22 பேர் 5 வருஷம் டமாக்சிஃபன் சாப்பிட்டா, 20 வருஷத்துல ஒருத்தருக்கு மார்பகப் புற்றுநோய் வராம தடுக்கலாம். சித்தி சொன்னாங்க: "22 பேர் கட்டி ஒருத்தி எடுக்குற சீட்டா?" இதைவிடத் தெளிவா எந்த டாக்டர் சொல்லிடுவாரு? :)

சரி, மாத்திரை வேணாம், கண்காணிப்பு போதும்னு வச்சுக்குவோம். கண்காணிப்புன்னா என்ன? 6 மாசத்துலயிருந்து ஒரு வருஷத்துக்குள்ள ஒருதடவை டாக்டர் கையால பரிசோதனை, வருஷத்துக்கு ஒரு மேமோகிராம். அதுக்குத் தேதி வேணும், இடம் வேணும், பழைய படத்தோட ஒப்பிட்டுப் பாக்க ஆள் வேணும். சிதம்பரத்துல இருந்து ஜிப்மர் போக 60, 70 கிலோமீட்டர். காலைல சமைச்சு வச்சுட்டு, பஸ் மாறி, வரிசையில நின்னு, திரும்பறதுக்குள்ள இருட்டிடும். வலியில்லாத உடம்போட எத்தனை வருஷம் ஒரு பொம்பளை இப்படிப் போவா? அதுவும் "ஒண்ணுமில்லை"ன்னு வேற சொல்லி அனுப்பிட்டா? அண்ணாமலை நகர்லயே முன்னாடி ராஜா முத்தையாவா இருந்து இப்ப அரசு மருத்துவக் கல்லூரி ஆனது இருக்கு. பெரிய எழுத்துல அடுத்த தேதி போட்ட ஒரு அட்டையை அங்கேயே குடுத்தா என்ன குறைஞ்சுடும்?

முறையாச் செஞ்சா கைப் பரிசோதனைக்கே மதிப்பு உண்டு. மும்பையில டாடா மெமோரியல் 1998லேயிருந்து ஒன்றரை லட்சம் பெண்களை வச்சு 20 வருஷம் ஆய்வு நடத்துச்சு. பயிற்சி குடுத்த சுகாதாரப் பணியாளர்கள் ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை கையால பாத்ததுலயே, 50 வயசுக்கு மேற்பட்டவங்கள்ல மார்பகப் புற்றுநோய் சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைஞ்சுதுன்னு 2021ல வெளியிட்டாங்க. அவங்க "அப்பப்ப" பாக்கலை. நாள் குறிச்சு, வீடு தேடிப் போய்க் கூப்பிட்டுப் பாத்தாங்க.

சித்தி இன்னும் முடிவு பண்ணலை. ரிப்போர்ட் இப்ப சித்தப்பா பீரோவுல இல்லை, அவங்க சீட்டு நோட்டுக்குள்ள இருக்கு. அடுத்த மாசம் வேற டாக்டர்கிட்ட போறாங்க, இந்தத் தடவை உள்ள உக்காரப் போறது அவங்க. இங்க பதிவு எழுதுற டாக்டர் நண்பர்கள் நாலஞ்சு பேராவது இதைப் படிப்பீங்க. நீங்க உங்க நோயாளிகிட்ட என்ன சொல்றீங்க, யார்கிட்ட சொல்றீங்கன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. திட்டணும்னாலும் திட்டுங்க, வெளியிடறேன்.