சக்திமானைத் திட்டிய டீச்சர்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

கோடை விடுமுறைக்குப் பேரன் வந்திருந்தான். ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறுக்குப் போகிறான். எங்கள் பக்கத்து வெயிலில் பகல் பதினொரு மணிக்கு மேல் பிள்ளையை வெளியே விட முடியாது. கையில் போனைக் கொடுக்கவும் எனக்கு மனமில்லை. மகன்தான் ஒரு வழி சொன்னான். "நான் சின்ன வயசுல பார்த்த சூப்பர் ஹீரோ படம், கார்ட்டூன் எல்லாம் டிவியில போட்டு வச்சிட்டுப் போறேன். நீயும் அவன்கூட உட்கார்ந்து பாரும்மா. அப்பத்தான் எங்களைப் பார்க்கவே விடலியே நீ" என்று ஒரு குத்தும் குத்திவிட்டுத்தான் பஸ் ஏறினான்.

குத்தியது நியாயம்தான். முப்பத்தெட்டு வருடம் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்தவள் நான். பிள்ளைகள் கெட்டுப்போவதற்கு அப்போதெல்லாம் நான் முதலில் கைகாட்டியது டிவிப் பெட்டியைத்தான். இத்தனைக்கும் என் அண்ணன் பரணில் முத்து காமிக்ஸ் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருந்ததைத் திருட்டுத்தனமாக வாசித்து வளர்ந்தவள். 1972ல் முதல் இதழாக இரும்புக்கை மாயாவி வந்தபோது எனக்குப் பதினோரு வயது. கரண்டில் கையை வைத்தால் உடம்பு மறைந்துபோய் இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும் ஆள். ஒரு வாரம் சுவிட்சுப் பக்கமே போகப் பயமாக இருந்தது. அதே நான் பிற்பாடு வகுப்பில் எத்தனை காமிக்ஸ் பறித்து மேஜை டிராயரில் போட்டிருக்கிறேன் என்று கணக்கில்லை.

சரி, படத்துக்கு வருகிறேன்.

முதலில் 1978ல் வந்த சூப்பர்மேன். கிறிஸ்டோபர் ரீவ் நடித்தது. ஆசிரியர் பயிற்சி படிக்கும்போது விடுதித் தோழிகளோடு மதுரையில் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வசனம் பாதி புரியவில்லை. ஆள் பறந்ததே போதுமாக இருந்தது. இப்போது பேரன், "ஆச்சி, கயிறு கட்டியிருக்காங்க பாரு" என்கிறான். பூமியைச் சுற்றிச் சுற்றிப் பறந்து அதைத் திருப்பிவிட்டு, காலத்தையே பின்னால் தள்ளுகிற கட்டத்தில் நானே சிரித்துவிட்டேன். பூமி தலைகீழாகச் சுழன்றால் நடந்தது நடக்காததாகிவிடுமா? நாலாம் வகுப்புப் பிள்ளை கேட்கும் இந்தக் கேள்வியை. அதுவும் ஒரே ஒரு பெண்ணுக்காக அத்தனையும். அந்த லூயிஸ் லேன் விழுவதற்கென்றே படைக்கப்பட்டவள் போல விழுந்துகொண்டே இருக்கிறாள். பழசெல்லாம் பொன் என்று எழுத நான் வரவில்லை.

ஆனால் அந்தப் படத்தில் ஒரு சின்ன இடம். சூப்பர்மேன் முதன்முதலாக ஊருக்குத் தெரியும்படி வெளியே வருகிற அந்த இரவு. ஹெலிகாப்டரைப் பிடிக்கிறார், திருடனைப் பிடிக்கிறார். நடுவில் மரத்தில் மாட்டிக்கொண்ட பூனையை எடுத்து ஒரு சிறுமியிடம் கொடுக்கிறார். அவள் வீட்டுக்குள் ஓடி, ஒரு ஆள் வானத்திலிருந்து பறந்து வந்து பூனையை எடுத்துக் கொடுத்தார் என்று அம்மாவிடம் சொல்கிறாள். பொய் சொல்லாதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று அம்மா கேட்பதும், பளார் என்று ஒரு அறையும் உள்ளேயிருந்து நமக்குக் கேட்கிறது. அவ்வளவுதான், அடுத்த காட்சி.

சிரிப்புக்காக வைத்தது அது. பேரனும் சிரித்தான். 1980 வாக்கில் நானும் சிரித்திருப்பேன். இந்தத் தடவை என்னால் முடியவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அடுத்து 1992ல் தொடங்கிய பேட்மேன் கார்ட்டூன். கறுப்புக் காகிதத்தில் வரைந்து வரைந்து எடுத்தார்களாம் பின்னணியை. படம் முழுக்க ராத்திரிதான். "ஆச்சி, ரொம்ப ஸ்லோவா போகுது" என்றான் பேரன் முதல் இரண்டு கதைக்கு. மூன்றாவதாக நான் தேர்ந்தெடுத்தது மிஸ்டர் ஃப்ரீஸ் வருகிற கதை, 'ஹார்ட் ஆஃப் ஐஸ்'. இருபத்திரண்டு நிமிடம்தான். அடியில் ஓடும் எழுத்தைப் படித்துப் படித்துப் பார்த்தேன். படித்து முடிப்பதற்குள் ஓடிவிட்டால் பேரன் சொல்லித் தருவான்.

பனித்துப்பாக்கி வைத்துக்கொண்டு ஊரை உறைய வைக்கிற வில்லன் அந்த ஃப்ரீஸ். பழைய கதைகளில் வெறும் கோமாளி வில்லனாம் அவன். இந்தக் கார்ட்டூன்காரர்கள் அவனுக்கு ஒரு மனைவியைக் கொடுத்தார்கள். தீராத நோய். மருந்து கண்டுபிடிக்கும் வரை அவளைக் குளிரில் உறைய வைத்துக் காப்பாற்ற ஆராய்ச்சி செய்கிறான் அந்த விஞ்ஞானி. செலவு அதிகமாகிறது என்று கம்பெனி முதலாளி வந்து கருவியை நிறுத்துகிறான். தள்ளுமுள்ளில் இவன் ரசாயனத்தில் விழுந்து, இனிச் சாதாரண வெப்பத்தில் உயிர்வாழவே முடியாத பிறவியாகிவிடுகிறான். அந்த முதலாளிக்கு மனிதநேய விருது கொடுக்கிறது ஊர்!

பேட்மேன் இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்கிறார்? கடைசிச் சண்டைக்குப் போகும் முன்பே அந்தக் கம்பெனிக்குள் போய், நடந்ததைப் பதிவு செய்த வீடியோவைத் தேடி எடுத்து உட்கார்ந்து பார்க்கிறார். எனக்குப் பிடித்தது இதுதான். முதலில் விசாரிக்கிறார். பிறகு ஃப்ரீஸைப் பிடிக்கவும் செய்கிறார், பாவம் என்று விட்டுவிடவில்லை. பிடித்தது எதை வைத்து தெரியுமா? ஜலதோஷத்துக்கு ஆல்ஃபிரட் கொடுத்தனுப்பிய கோழி சூப்பை வைத்து! சூடான சூப் பட்டதும் அவன் தலையிலிருக்கும் கண்ணாடிக் கூடு விரிசல் விடுகிறது. பேரன் சோபாவில் குதித்தான். பிடித்த கையோடு அந்த வீடியோவை நிருபரிடம் கொடுத்து முதலாளியையும் மாட்டிவிடுகிறார். கடைசியில் சிறைக்குள் ஃப்ரீஸ், கையில் ஒரு பொம்மை, மனைவியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"இவன் கெட்டவனா ஆச்சி?" என்றான் பேரன்.

அரை மணி நேரம் பேசினோம் அதைப்பற்றி. நீதிபோதனைப் பிரிவேளையில் எத்தனையோ கதை சொல்லியிருக்கிறேன். இப்படி ஒரு கேள்வி எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. கேட்கிற மாதிரிக் கதையை நான் சொன்னதில்லை என்பதே சரி.

1999ல் வந்த 'அயர்ன் ஜயண்ட்' பார்த்து அவன் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ஆயுதமாகச் செய்யப்பட்ட ஒரு இயந்திரம், ஒரு சிறுவன் கொடுத்த காமிக்ஸைப் பார்த்து, நான் ஆயுதமாக இருக்கமாட்டேன் என்று தானே முடிவெடுக்கிற கதை. தியேட்டரில் ஓடவில்லையாம். எனக்கு ஆச்சரியமில்லை, நல்ல வாத்தியாருக்கும் அதே கதிதான்.

இனி சக்திமான்.

1997ல் தூர்தர்ஷனில் தொடங்கியது. மகாபாரதத்தில் பீஷ்மராக வந்த முகேஷ் கன்னாதான் சக்திமான். இந்தி தெரியாத எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் வாய்பிளந்து பார்த்தார்கள். கையைத் தூக்கி, பம்பரமாகச் சுற்றிக்கொண்டு கிளம்புவார். அந்த நாட்களில் சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று நம்பி மாடியிலிருந்து குதித்தார்கள், தீ வைத்துக்கொண்டார்கள் என்றெல்லாம் செய்திகள் வந்தன. உண்மையா, ஊதிப் பெருக்கியதா என்று பெரிய சண்டையே நடந்தது. நான் விசாரிக்கவெல்லாம் இல்லை. பேப்பரில் வந்ததும் நம்பிவிட்டேன்.

1998 என்று நினைவு. நாலாம் வகுப்பு எனக்கு. ஒரு திங்கட்கிழமை பையன் ஒருவன் புருவம் வீங்கி, இடது கையைத் தூக்க முடியாமல் வந்தான். என்னலே இது என்று கேட்டேன்.

"சக்திமான் மாதிரிச் சுத்தினேன் டீச்சர். திண்ணையிலருந்து விழுந்துட்டேன்."

அவ்வளவுதான், எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. மறுநாள் காலை இறைவணக்கக் கூட்டத்தில் அவனை முன்னால் நிறுத்தி, பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கச் சத்தம் போட்டேன். வலது உள்ளங்கையில் பிரம்பால் இரண்டு. இடது கையில் அடிபட்டிருக்கிறதே என்று வலது கையாகப் பார்த்து அடித்தேன். அது என் கருணை. அந்த மாதம் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்திலும் ஞாயிற்றுக்கிழமை டிவியை அணைத்து வையுங்கள் என்று நீட்டி முழக்கினேன். பையனுடைய அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்து, "டீச்சர் சொல்றது சரிதான்" என்று தலையாட்டினார்.

அரைப்பரீட்சை சமயம் சத்துணவு ஆயாவோடு பேசிக்கொண்டிருந்தபோது இந்தப் பேச்சு வந்தது. "அவுக வீட்டுல டிவியே கெடையாதே டீச்சர்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அவுகப்பன் குடிச்சிட்டு வந்தா கைக்குக் கெடச்சதை எடுத்து அடிப்பான். தெருவுக்கே தெரியும்" என்றார்.

தெருவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. ஐந்தாம் வகுப்புப் பாதியில் அந்தப் பையனை அவன் அம்மா கூட்டிக்கொண்டு திருப்பூர் பக்கம் போய்விட்டார். மாற்றுச் சான்றிதழ் வாங்கக்கூட யாரும் வரவில்லை. இன்றைக்கு அவனுக்கு முப்பத்தாறு, முப்பத்தேழு வயது இருக்கும்.

அவன் ஏன் சக்திமான் பேரைச் சொன்னான் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். டீச்சர் எதை உடனே நம்புவார் என்று அந்த ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. வகுப்பில் தினமும் நான் டிவியைத் திட்டியதிலிருந்து படித்துக்கொண்டது அது. பூனையைக் காப்பாற்றிய கதையை நிஜமாகச் சொன்ன சிறுமிக்கு அறை. நிஜத்தைச் சொல்ல முடியாமல் கதை சொன்ன இவனுக்குப் பிரம்பு. அதனால்தான் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சக்திமான் கதையின் முடிவில் பிள்ளைகள் செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்கிற பகுதி ஒன்று வரும், 'சாரி சக்திமான்' என்று. பேரனுக்கு அது பெரிய காமெடி. நான் எழுந்துபோய்க் காபி போட்டேன்.

இதையெல்லாம் விட என்னை உட்கார வைத்தது கடைசி வாரம் பார்த்த ஒன்று. 'ஜஸ்டிஸ் லீக் அன்லிமிட்டட்' தொடரில் 2005ல் வந்த 'எபிலாக்' என்கிற கதை. ஏஸ் என்று ஒரு சிறுமி. மனதாலேயே உலகத்தை மாற்றிவிடுகிற சக்தி. சின்ன வயதிலேயே அரசாங்க ஆட்கள் அவளைப் பிடித்து ஆயுதமாக வளர்த்திருக்கிறார்கள். மூளையில் கோளாறு, இன்னும் கொஞ்ச நேரத்தில் இறந்துவிடுவாள். இறக்கும் நேரத்தில் அந்தச் சக்தி வெடித்தால் சுற்றியிருப்பவர்களும் பலியாவார்கள். அதனால் முந்திக்கொண்டு அவளைக் கொன்றுவிட ஒரு கருவியை பேட்மேனிடம் கொடுத்து அனுப்புகிறார்கள். அவர் போகிறார். அந்தக் கருவியைப் பயன்படுத்தப் போவதில்லை என்பதை ஏஸே அவர் மனதைப் படித்துத் தெரிந்துகொள்கிறாள். ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்குக் குழந்தைப் பருவமே கிடைக்கவில்லை, பயமாக இருக்கிறது, கூட இருப்பீர்களா என்கிறாள். அவ்வளவு பெரிய கறுப்பு அங்கியோடு பேட்மேன் பக்கத்து ஊஞ்சலில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்கிறார். அவள் போகும் வரை அப்படியே உட்கார்ந்திருக்கிறார். சண்டை கிடையாது.

இப்போது வருகிற சூப்பர் ஹீரோ படங்களையும் பேரன் போட்டுக் காட்டினான். கிராபிக்ஸ் பிரமாதம், மறுக்கவில்லை. ஆனால் ஒரு படம் புரிய அதற்கு முந்தைய பத்துப் படம் பார்த்திருக்க வேண்டியிருக்கிறது. கட்டடம் கட்டடமாகச் சரிகிறது. கீழே யார் இருந்தார்கள் என்று ஹீரோ குனிந்து பார்ப்பதில்லை. 2004 ஸ்பைடர்மேன் இரண்டாம் பாகத்தில் ஓடுகிற ரயிலை நிறுத்திவிட்டு மயங்கி விழுவானே, பயணிகள் தலைக்கு மேல் தூக்கி உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைப்பார்களே, முகமூடி இல்லாத முகத்தைப் பார்த்து இவன் சின்னப் பையன்தானே என்பார்களே, அந்த ஒரு நிமிடத்துக்கு ஈடாக இவற்றில் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைத்திருந்தால் சொல்லுங்கள், பார்க்கிறேன்.

இளம் பெற்றோர்களுக்கும், இப்போது வகுப்பில் இருக்கும் டீச்சர்களுக்கும் ஒன்று. அன்றைக்கு எங்களுக்கு டிவி. இன்றைக்கு உங்களுக்கு போன். பிள்ளை தூங்கி வழிந்தால் போன், மார்க் குறைந்தால் போன், உடம்பில் காயம் இருந்தால் ஏதோ ரீல்ஸ் பார்த்துச் செய்திருப்பான். போன் நல்லது என்று சொல்லவில்லை, என் பேரனுக்கே நான் கொடுப்பதில்லை. ஆனால் பிள்ளை அந்தப் பதிலைச் சட்டென்று சொன்னால் இன்னொரு கேள்வி கேளுங்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். கூட்டத்தில் வேண்டாம். 1098 என்ற சைல்டுலைன் எண் இன்றைக்கு இருக்கிறது. எனக்கு அன்றைக்கு அந்த எண் தெரியாது. தெரிந்திருந்தாலும் கூப்பிட்டிருப்பேனா என்று சொல்லத் தெரியவில்லை.

பேரன் போன வாரம் ஊருக்குப் போய்விட்டான். சக்திமானில் பாதிதான் முடிந்திருக்கிறது. "தீபாவளிக்கு வந்து மிச்சத்தைப் பார்ப்போம், நீ மட்டும் தனியாப் பார்த்திராத ஆச்சி" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.